ஜிக், ஸ்லிப் ஜிக்: தொடக்கநிலைக் கலைஞர் முதல் மெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அயர்லாந்தின் நாட்டுப்புற இசையைப் பற்றிப் பேச்சு வந்தால், துள்ளலாக ஒலிக்கும் எந்த மெட்டையும் 'ஜிக்' என்று சொல்லிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உண்மையில் ஜிக் என்பது ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கும் ஒரு குறிப்பிட்ட கால் அசைவுக்கும் கட்டுப்பட்ட நடன மெட்டு. அதே மரபில் ரீல், ஹார்ன்பைப், போல்கா என்று வேறு வகைகளும் இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஜிக் என்பது, ஆனந்தக் களிப்பையும் தாலாட்டையும் ஒரே பெயரால் அழைப்பதற்குச் சமம்.

பெயர்க் குழப்பத்தோடு இது நின்றுவிட்டால் பெரிய தீங்கில்லை. ஆனால் டின் விசிலோ வயலினோ மாண்டலினோ புதிதாகக் கையில் எடுப்பவர், எந்த மெட்டில் தொடங்குவது என்று கேட்கும்போதும் இதே மேம்போக்கான விடைதான் கிடைக்கிறது. 'மெதுவாக வாசித்தால் எல்லாமே எளிதுதான்' என்பார் ஒருவர். 'பிரபலமானதை எடுங்கள்' என்பார் இன்னொருவர். 'ஸ்லிப் ஜிக் பக்கம் இப்போது போகவே வேண்டாம், அது ஒன்பது' என்று அச்சுறுத்துபவரும் உண்டு. இந்த மூன்று அறிவுரைகளுமே அரைகுறையானவை என்பது என் உறுதியான கருத்து. ஒரு மெட்டு எளிதா கடினமா என்பதை வேகமும் புகழும் எண்ணிக்கையும் முடிவு செய்வதில்லை. விரல்கள் நடக்க வேண்டிய தூரமும், மெட்டு தன்னைத் தானே எத்தனை முறை திருப்பிச் சொல்கிறது என்பதும்தான் முடிவு செய்கின்றன. அது எப்படி என்பதைத் தாளத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

ஆறும் ஒன்பதும்: கால் எத்தனை முறை தட்டுகிறது?

வாயால் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு 'த' வரும்போதும் காலைத் தரையில் தட்டிப் பாருங்கள். ஆறு அசைகள், இரண்டு தட்டுகள். இதுதான் ஜிக். மேற்கத்திய இசைக்குறியீட்டில் இதை 6/8 என்று எழுதுவார்கள். நம் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசிப்பவர்கள் 'சிக்ஸ் எயிட்' என்று சொல்வதும் இதே கணக்கைத்தான். இதற்கு மாறாக 'தகதிமி தகதிமி' என்று சொல்லித் தட்டினால், தட்டுக்கு நான்கு அசைகள் கிடைக்கும். அது ரீலின் நடை. ஆக, ஜிக்கையும் ரீலையும் பிரிப்பது வேகம் அல்ல. ஒரு தட்டு மூன்றாகப் பிளக்கிறதா, நான்காகப் பிளக்கிறதா என்பதே.

இங்கே ஒரு தவறு எளிதில் நேர்ந்துவிடும். ஆறு என்றதும் அதை மூன்று இரண்டுகளாக எண்ணி, ரூபக தாளத்தில் போடுவதுபோல் மூன்று தட்டுகள் போட்டுவிடுகிறோம். 'தக தக தக' என்றாலும் ஆறு அசைகள்தான்; ஆனால் அது சுழன்றாடும் வால்ட்ஸ் நடனத்தின் அசைவாகிவிடும். ஜிக்கில் ஆறு என்பது மூன்று மூன்றாக இரண்டு தட்டு. கணக்கு ஒன்றுதான், ஆனால் நடனக்காரரின் கால் வேறு இடத்தில் விழும்.

இப்போது 'தகிட தகிட தகிட' என்று சொல்லுங்கள். ஒன்பது அசைகள், மூன்று தட்டுகள். ஸ்லிப் ஜிக் என்பது இவ்வளவுதான், குறியீட்டில் 9/8. கர்நாடக இசை பயின்றவர்களுக்கு ஒன்பது என்றதும் சங்கீர்ணம் நினைவுக்கு வரும். நான்கும் ஐந்துமாகப் பிரியும் அந்தக் கணக்கின் சிக்கலும் கூடவே வரும். ஸ்லிப் ஜிக்கின் ஒன்பதுக்கும் சங்கீர்ணத்துக்கும் தொடர்பே இல்லை. திஸ்ர நடையில் மூன்று தட்டுகள் போட்டால் கிடைக்கும் ஒன்பது இது. காவடிச் சிந்தின் துள்ளலைக் கேட்டு வளர்ந்தவருக்குத் திஸ்ரம் புதிதல்ல. கட்டத்துக்கு இரண்டு தட்டு என்பதற்குப் பதிலாக மூன்று தட்டு என்பது மட்டுமே புதிது.

சுருக்கமாக நினைவில் வைக்க வேண்டியது: தட்டு மூன்றாகப் பிரிந்தால் அது ஜிக் குடும்பம். ஒரு கட்டத்தில் இரண்டு தட்டு இருந்தால் ஜிக், மூன்று தட்டு இருந்தால் ஸ்லிப் ஜிக். 'கட்டம்' என்று இங்கே சொல்வது, இசைக்குறியீட்டில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடையில் அடைபட்டிருக்கும் பகுதியை.

தாளில் எழுத முடியாத அசைவு

அச்சிட்ட இசைக்குறியீட்டைப் பார்த்தால் ஆறு ஸ்வரங்களும் ஒரே அளவாகத் தெரியும். அதை அப்படியே சம அளவில் வாசித்தால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் ஒலிக்கும். கைதேர்ந்தவர் வாசிக்கும்போது மூன்றில் முதல் ஸ்வரம் இம்மியளவு நீள்கிறது. இரண்டாவது அந்த அளவுக்குக் குறுகுகிறது. மூன்றாவது அடுத்த தட்டை நோக்கி நம்மைத் தள்ளிவிடுகிறது. இந்த ஊசலாட்டத்தை 'லில்ட்' என்கிறார்கள். ஊஞ்சல் மேலே போனதும் ஒரு கணம் தயங்கிப் பிறகு இறங்குகிறதே, அந்தத் தயக்கம்தான் முதல் ஸ்வரத்தின் நீட்சி.

அயர்லாந்தில் பிள்ளைகளுக்கு ஜிக் நடையைச் சொல்லித்தரும்போது 'ராஷர்ஸ் அண்ட் சாசேஜஸ்' என்று வாயால் சொல்லவைப்பது வழக்கம். காலை உணவுத் தட்டிலிருக்கும் பன்றி இறைச்சித் துண்டுகளையும் சாசேஜையும் குறிக்கும் அந்தச் சொற்றொடரில் சரியாக ஆறு அசைகள் இருக்கின்றன. பேச்சில் இயல்பாக விழும் அழுத்தமும் ஜிக்கின் இரண்டு தட்டுகளில் போய் விழுகிறது. நமக்குச் சொற்கட்டு என்னும் செல்வம் ஏற்கெனவே கையில் இருப்பதால், 'தகிட' என்பதில் 'த'வைச் சற்றே சாய்ந்து சொன்னால் போதும்.

இந்த மரபின் மிகப் பெரிய அச்சுத் தொகுப்புகளைச் செய்தவர் பிரான்சிஸ் ஓ'நீல். அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் (மாவட்டத்தில்) 1848-ல் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக உயர்ந்தவர். 1903-ல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள் உள்ளன. நடன மெட்டுகளுக்கென்றே 1907-ல் வெளியிட்டதில் 1,001. அவருக்கு மெட்டுகள் காதில் இருந்தன. அவற்றைத் தாளில் எழுதித் தந்தவர் அதே காவல்துறையில் சார்ஜெண்டாக இருந்த ஜேம்ஸ் ஓ'நீல். அச்சில் உள்ளதெல்லாம் எலும்புக்கூடுதான், சதை காதின் வழியாகவே வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எனவே எந்த மெட்டைத் தேர்ந்தெடுத்தாலும், குறியீட்டைத் திறப்பதற்கு முன் அதை ஒரு நல்ல கலைஞரின் ஒலிப்பதிவில் பத்து முறையாவது கேளுங்கள்.

ஜிக் குடும்பத்தின் உறவினர்கள்

இவற்றைப் பெயரளவில் தெரிந்துகொண்டால் போதும். தட்டுக்கு மூன்று ஸ்வரமும் நிரம்பி 'தகிட தகிட' என்று ஓடுவது டபுள் ஜிக்; வெறுமனே ஜிக் என்றால் பெரும்பாலும் இதுதான். தட்டுக்கு ஒரு நெடிலும் ஒரு குறிலுமாக 'தா,க தா,க' என்று நொண்டியடித்தால் சிங்கிள் ஜிக். கெர்ரி, கார்க் கவுண்டிகளின் எல்லைப்புறத்தில் செழித்த ஸ்லைடு என்பது அந்த நெடில்–குறில் நடையையே நான்கு தட்டுக் கட்டங்களில் வேகமாக ஓட்டுவது. ஒன்பதிலும் இப்படி நொண்டியடிக்கும் ஒரு வகை உண்டு. அதை ஹாப் ஜிக் என்பார்கள். தொடக்கத்தில் டபுள் ஜிக், ஸ்லிப் ஜிக் என்ற இரண்டை மட்டும் காதால் பிரித்தறிய முடிந்தால் மற்றவை தாமாகவே பிடிபடும்.

ஒரு மெட்டின் வீட்டு அமைப்பு

பெரும்பாலான ஜிக்குகள் இரண்டு அறை வீடு போன்றவை. முதல் பகுதி எட்டுக் கட்டம். அதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். இரண்டாம் பகுதி எட்டுக் கட்டம். அதுவும் இரண்டு முறை. ஆக மொத்தம் 32 கட்டங்கள் ஒரு சுற்று. ஜிக்கின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 120 தட்டு வரை இருக்கும் என்பதால், ஒரு சுற்று ஏறத்தாழ அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதே மெட்டை இரண்டு அல்லது மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படிக் கோக்கப்படும் மெட்டு வரிசைக்கு 'செட்' என்று பெயர்.

இந்த எட்டுக் கட்டங்களுக்குள்ளும் எல்லாம் புதிதாக இருப்பதில்லை என்பதுதான் தொடங்குபவருக்கு நற்செய்தி. 'தி கேஷ்' என்ற ஜிக்கை எடுத்துக்கொள்வோம். பாத்தி பேண்ட் என்ற புகழ்பெற்ற ஐரிஷ் குழு 1975-ல் வெளியிட்ட தன் முதல் இசைத்தட்டை இந்த மெட்டில்தான் தொடங்கியது. இதன் ஆதார ஸ்வரம் மேற்கத்திய முறையில் 'ஜி'. அதையே ச என்று வைத்துக்கொண்டால், பரவலாக வாசிக்கப்படும் வடிவத்தின் முதல் நான்கு கட்டங்கள் இப்படி அமையும் (காற்புள்ளி நீட்டலையும், ச' மேல் ஷட்ஜத்தையும் குறிக்கின்றன):

ச , , ச ரி க | ரி , , ரி க ப |
த ப ப ச' ப ப | த ப க ப க ரி |

பாடிப் பாருங்கள். ச ரி க ப த. மத்திமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. மோகனத்தின் ஸ்வரங்கள் அப்படியே நிற்கின்றன. ஐந்தாம், ஆறாம் கட்டங்கள் முதலிரண்டு கட்டங்களின் மறுபதிப்பு. ஏழாவது, மூன்றாவதைப்போலவே தொடங்கிக் கடைசி ஸ்வரத்தில் மட்டும் திரும்புகிறது. எட்டாவதில் 'ரி ச நி' என்று ஒரேயொரு முறை கீழ் நிஷாதத்தைத் தொட்டுவிட்டுச் ஷட்ஜத்தில் அமர்கிறது. எட்டுக் கட்டம் என்று பார்க்கும்போது மலைப்பாகத் தெரிந்தது, ஐந்து கட்டமும் சில்லறையுமாகக் குறைந்துவிட்டது. மனப்பாடம் செய்ய வேண்டிய சுமை இப்படித்தான் பாதியாகிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: ஒரு ஜிக் என்பது தலா இரண்டு முறை வரும் இரண்டு எட்டுக் கட்டப் பகுதிகள். அந்தப் பகுதிகளுக்குள்ளும் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் இருக்கும். திரும்பும் துண்டுகள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவு விரைவாக மெட்டு மனத்தில் தங்கும்.

எளிமை விரல்களில் இருக்கிறது

டின் விசிலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம், ஏனெனில் இந்த இசைக்குள் நுழைபவர்களில் பலர் அதன் வழியாகத்தான் நுழைகிறார்கள். ஆறு துளைகள் கொண்ட சிறிய உலோகக் குழல் அது. பெரும்பாலும் 'டி' சுருதியில் இருக்கும். எல்லாத் துளைகளையும் மூடினால் டி. கீழிருந்து ஒவ்வொரு விரலாகத் தூக்கினால் ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி என்று படிப்படியாக ஏறும். சற்று அழுத்தி ஊதினால் அதே விரல்களில் மேல் ஸ்தாயி கிடைக்கும். ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பாலானவை டி, ஜி ஆகிய ஸ்வரங்களையும் அவற்றை ஒட்டியவற்றையும் ஆதாரமாகக் கொண்டிருப்பதற்கு இந்தக் குழலும், அதே சுருதி கொண்ட மரப் புல்லாங்குழலும், கைப்பை போன்ற காற்றுப் பையோடு கூடிய இல்லன் பைப்பும் முக்கியக் காரணங்கள்.

இந்தக் குழலில் ஒரு தொல்லை உண்டு. ஜி ஆதாரத்தில் வரும் மத்திமம், அதாவது சாதாரண 'சி' ஸ்வரம், நேரான விரல் வரிசையில் கிடைக்காது. முதல் துளையைத் திறந்துவிட்டு அடுத்த இரண்டையும் மூட வேண்டும். நடுவே வேகமாக அந்த ஸ்வரம் வந்தால், புதியவரின் விரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். எனவே முதல் மெட்டில் அந்த ஸ்வரமே வராமல் இருந்தால் நல்லது. கேஷ் ஜிக்கில், பரவலான வடிவத்தில், முதல் பகுதியிலும் இரண்டாம் பகுதியிலும் அது வருவதே இல்லை. நான் இதை முதல் மெட்டாகப் பரிந்துரைப்பதற்கு அதன் புகழைவிட இதுவே பெரிய காரணம்.

அடுத்து, தாவல். ச ரி க என்று ஏறினால் விரல் ஒவ்வொன்றாக எழும். ஆனால் மூன்று நான்கு ஸ்வரங்களைத் தாண்டிக் குதிக்கும்போது பல விரல்கள் ஒரே கணத்தில் சேர்ந்து இறங்க வேண்டும். அவற்றில் ஒன்று இம்மி பிந்தினாலும் நடுவில் வேறொரு ஸ்வரம் கீச்சிட்டுவிடும். மூன்றாவது, மூச்சு. வயலினுக்கு இது கவலையில்லை. குழலுக்கோ, ஆறு ஸ்வரங்களும் இடைவெளியின்றி ஓடிக்கொண்டிருக்கும் மெட்டில் மூச்சு வாங்க இடமே இருக்காது. கேஷின் முதலிரண்டு கட்டங்களிலும் 'ச , ,' 'ரி , ,' என்று நீட்டல் வருகிறது பாருங்கள். அந்த நீட்டலைச் சற்றே குறைத்துக்கொண்டு மூச்சு வாங்கிவிடலாம், கேட்பவருக்குத் தெரியாது.

புகழை நம்பி நான் பட்ட பாட்டைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். டின் விசில் பழகிய முதல் மாதத்தில், உலகமெங்கும் தெரிந்த மெட்டு என்பதற்காக 'தி ஐரிஷ் வாஷர்வுமன்' என்ற ஜிக்கை எடுத்துக்கொண்டேன். அதன் தொடக்கம் ஸ்வரத்தில் இப்படி இருக்கும். முதலில் வரும் பஞ்சமம் மட்டும் கீழ் ஸ்தாயி:

க ச ச ப ச ச | க ச க ப ம க |

பாட எத்தனை இனிமை! குழலில் வாசிக்கும்போதோ, ஒரு விரல் மூடிய நிலையிலிருந்து மூன்று விரலுக்கு, அங்கிருந்து ஆறு விரலுக்கு, மறுபடியும் மூன்றுக்கு என்று ஒரு நொடிக்குள் கை படாதபாடு படுகிறது. இரண்டாம் கட்டத்திலேயே அந்த மத்திமமும் வந்து நிற்கிறது. மூன்று வாரம் போராடியும் கீச்சொலி நிற்கவில்லை. குற்றம் என் விரல்களில் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கேஷை எடுத்த முதல் மாலையிலேயே முதல் பகுதி ஓரளவு வந்துவிட்டபோதுதான் தேர்வில் இருந்த பிழை புரிந்தது. காதுக்கு எளிதாக இருப்பது கைக்கும் எளிதாக இருக்க வேண்டியதில்லை.

தொடங்க ஏற்ற சில ஜிக்குகள்

கேஷுக்குப் பிறகு 'அவுட் ஆன் தி ஓஷன்' நல்ல தேர்வு. இதுவும் ஜி ஆதாரம்தான். கீழ் டி முதல் மேல் ஜி வரை நிற்பதால் மேல் ஸ்தாயியின் உச்சிக்குப் போய் ஊதித் திணற வேண்டியதில்லை. கேஷின் இரண்டாம் பகுதி முடியுமிடத்தில் உயர்ந்த பி ஒன்று வரும். அது இன்னும் கூச்சலாக ஒலிக்கிறது என்பவர்கள், இந்த மெட்டை முதலில் எடுத்துக்கொண்டு கேஷுக்குப் பின்னர் வரலாம்.

அடுத்ததாக 'தி ஸ்வாலோடெயில்'. இதன் ஆதாரம் ஈ. ஸ்வர அமைப்பு கரகரப்பிரியாவுக்கு ஒப்பானது. மேற்கத்தியர் இந்த அமைப்பை டோரியன் என்பார்கள். ஐரிஷ் மெட்டுகளில் சங்கராபரண அமைப்புக்கு அடுத்தபடி அடிக்கடி காதில் விழுவது இதுதான். இதன் அழகு அதன் வடிவத்தில் இருக்கிறது. முதல் கட்டம் 'க ச ச ப ச ச'. மூன்றாம் கட்டம் 'ரி நி நி ம நி நி', அதாவது அதே கோலத்தை ஒரு படி இறக்கிப் போட்டது. விரல்களுக்கு ஒரே அசைவை இரண்டு இடத்தில் செய்யும் பயிற்சி கிடைக்கிறது. ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இரண்டு முறை வருவதால் அவற்றைப் பிரித்துக்காட்ட வேண்டிய தேவையும் எழுகிறது. தொடக்கத்தில் நாவால் 'து து' என்று தட்டிப் பிரிக்கலாம். பின்னர், மேல் விரல் ஒன்றை மின்னலாகத் தூக்கி மூடிப் பிரிக்கும் 'கட்' என்ற அணியைப் பழகலாம். கர்நாடக இசையிலிருந்து வருபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் கை தன்னையறியாமல் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைத்துவிடும். இந்த மரபில் ஸ்வரம் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். அழகு ஸ்வரத்தின் அசைவில் இல்லாமல், ஸ்வரங்களுக்கு இடையிலான வெட்டிலும் சுழற்சியிலும் இருக்கும்.

'மாரிசன்ஸ் ஜிக்' நான்காவதாக வரலாம். ஸ்லைகோ கவுண்டியில் பிறந்து, நியூயார்க்கில் குடியேறி, அங்கே இசைத்தட்டுகள் பதித்த வயலின் மேதை ஜேம்ஸ் மாரிசனின் (1893–1947) பெயரைத் தாங்கிய மெட்டு இது. 'ச , , ப , ,' என்று இரண்டே இரண்டு நீண்ட ஸ்வரங்களில் முதல் கட்டம் முடிந்துவிடுவதால் தொடங்குபவருக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் இரண்டாம் பகுதி கொடுக்கும் வேலை அதிகம். முதல் பகுதியை மட்டும் பார்த்து ஒரு மெட்டை எளிது என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். 'தி கனாட்மன்ஸ் ராம்பிள்ஸ்' என்ற ஜிக்கிலும் இதே கதைதான். முதல் பகுதியில் சாதுவாக இருந்துவிட்டு இரண்டாம் பகுதியின் வாசலிலேயே உயர்ந்த பி ஸ்வரத்தை எட்டச் சொல்கிறது. 'பானிஷ் மிஸ்ஃபார்ச்சூன்' அருமையான மெட்டு என்றாலும் மூன்று பகுதிகள் கொண்டது. சி ஸ்வரம் அதில் இரண்டு நிலைகளுக்கு இடையே ஊசலாடும். அதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

ஸ்லிப் ஜிக்கை ஏன் தள்ளிப்போட வேண்டாம்

ஐரிஷ் நடனப் போட்டிகளில் இன்று ஸ்லிப் ஜிக்கைப் பெரும்பாலும் பெண்கள் மென்காலணி அணிந்து ஆடுகிறார்கள். முன்பு அது ஆண்களும் இணைகளும் ஆடிய நடனமாகவும் இருந்தது. மூன்றாவது தட்டு வரும்போது ஆடுபவர் காற்றில் மிதப்பதுபோல் ஒரு நீட்சி கிடைக்கும். அந்த நீட்சியைப் பழகக் குறியீட்டைவிடப் பாட்டு உதவும். 'ராக்கி ரோட் டு டப்ளின்' என்ற 19-ஆம் நூற்றாண்டுப் பாடலின் மெட்டு ஸ்லிப் ஜிக்தான். ட்யூவம் என்ற ஊரிலிருந்து கிளம்பி டப்ளின் வழியாக லிவர்பூல் போய்ச் சேரும் ஒரு இளைஞனின் பயணம் அது. பலரும் பாடிய பதிவுகள் கிடைக்கின்றன. கூடவே மூன்று மூன்றாகக் காலால் தட்டிக்கொண்டு கேட்டால், இரண்டு நாளில் ஒன்பது உடம்பில் இறங்கிவிடும். சொற்கள் இருப்பதால் கட்டம் எங்கே தொடங்குகிறது என்ற ஐயமே எழாது.

கருவியில் வாசிக்க முதல் ஸ்லிப் ஜிக்காக 'தி பட்டர்ஃப்ளை'யைச் சொல்வேன். டப்ளினைச் சேர்ந்த வயலின் கலைஞர் டாமி பாட்ஸின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மெட்டு இது. ஈ ஸ்வரத்தை ச என்று கொண்டால் முதல் கட்டம்:

ப , ச க , ச ரி , , |

ஒன்பது அசைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து ஸ்வரங்கள்தான் இருக்கின்றன. நெடில்–குறில், நெடில்–குறில், கடைசியில் ஒரு முழு நீட்டல். டபுள் ஜிக்கின் ஒரு கட்டத்தில் ஆறு ஸ்வரங்கள் வாசிக்கும் விரல்களுக்கு இங்கே ஓய்வே கிடைக்கிறது. பகுதிகள் மூன்று என்றாலும் ஒவ்வொன்றும் நான்கே கட்டங்கள். முதல் பகுதியில் இந்தக் கட்டம் மூன்றாவதாக மீண்டும் அப்படியே வரும், இரண்டாவது கட்டமும் இதைப்போலவே தொடங்கும். ஒன்பது என்றால் கடினம் என்ற அச்சத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

கடினம் என்று சொல்லத்தக்கது இதில் ஒன்று உண்டு. அது எண்ணிக்கையில் இல்லை, முதல் தாவலில் இருக்கிறது. டின் விசிலில் அந்தப் பஞ்சமத்துக்கு ஒரே விரல் மூடியிருக்கும்; அடுத்து வரும் ஷட்ஜத்துக்கு ஐந்து விரல்கள். நடுவிலுள்ள நான்கு விரல்களும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். இந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் தனியாக எடுத்து, தாளத்தை மறந்து, நான்கு விரல்களும் துளைகளில் சேர்ந்து விழும் மெல்லிய ஓசை ஒன்றாகக் கேட்கும்வரை ஊதாமலே பழகுங்கள். கீச்சொலி எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வயலின் வாசிப்பவருக்கு ஸ்லிப் ஜிக் வேறொரு விதத்தில் புதிராகும். ஒரு கட்டத்தில் ஸ்வரத்துக்கு ஒரு வில் வீச்சாக ஒன்பது வீச்சுகள் வந்தால், ஒன்பது ஒற்றைப்படை என்பதால், முதல் கட்டம் கீழ்வீச்சில் தொடங்கினால் அடுத்த கட்டம் மேல்வீச்சில் தொடங்கிவிடும். ஆறு வீச்சுள்ள ஜிக்கில் இந்த மாற்றம் கட்டத்துக்குள்ளேயே இரண்டாவது தட்டில் நடந்து, அடுத்த கட்டம் மீண்டும் கீழ்வீச்சில் தொடங்கும். அதனால்தான் ஜிக் பழகிய வில்லுக்கு ஸ்லிப் ஜிக் முதலில் இடறுகிறது. இரண்டு ஸ்வரங்களை எங்காவது ஒரே வீச்சில் இணைத்துவிட்டால் எண்ணிக்கை இரட்டைப்படையாகிச் சிக்கல் தீரும். எங்கே இணைப்பது என்பதை நல்ல பதிவுகளைக் கேட்டுக் கண்டுகொள்ளலாம்.

'தி கிட் ஆன் தி மவுண்டன்' என்ற ஸ்லிப் ஜிக்கின் அழகில் மயங்கி உடனே அதைத் தொடங்கிவிடாதீர்கள். ஐந்து பகுதிகள் கொண்டது அது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே கடினமில்லை. எந்தப் பகுதிக்குப் பின் எது என்ற நினைவுதான் தொடக்கத்தில் வழுக்கும்.

இந்தப் பகுதியின் சாரம்: ஸ்லிப் ஜிக் என்பது ஜிக்குக்கு மேற்பட்ட வகுப்பு அல்ல, பக்கத்து வகுப்பு. இரண்டு மூன்று ஜிக்குகள் கைவந்ததும், ஸ்வரங்கள் குறைவாகவும் நீட்டல்கள் அதிகமாகவும் உள்ள ஒரு ஸ்லிப் ஜிக்கைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

வடிவம், வேகம், இணைப்பு

ஒரே மெட்டை நான்கு பேர் நான்கு விதமாக வாசிப்பதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். ஒவ்வொரு வடிவத்தையும் 'செட்டிங்' என்பார்கள். பட்டர்ஃப்ளையின் இரண்டாம் பகுதியில் ஒருவர் ஒரு ஸ்வரத்தைத் தொடுவார், இன்னொருவர் அடுத்ததைத் தொடுவார், இரண்டும் சரிதான். தொடக்கத்தில் ஒரே பதிவைத் தேர்ந்து அதையே பின்பற்றுவது நல்லது. பின்னால் யாருடன் சேர்ந்து வாசிக்கிறீர்களோ அவர்களுடைய வடிவத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு 60 அல்லது 70 தட்டில் தொடங்குங்கள். அதற்கும் கீழே போனால் தட்டு என்ற உணர்வே கரைந்து, ஆறும் ஆறு தனித்தனி ஸ்வரங்களாக உதிர்ந்துவிடும். அதனால்தான் 'மெதுவாக வாசித்தால் எல்லாம் எளிது' என்பதை ஏற்க முடியவில்லை. விரலுக்காக மெதுவாக்கலாம், லில்ட் தொலையும் அளவுக்கு மெதுவாக்கக் கூடாது.

இரண்டு ஜிக்குகள் தடையின்றி வந்ததும் அவற்றைச் செட்டாகக் கோத்துப் பாருங்கள். கேஷை இரண்டு சுற்று வாசித்துவிட்டு ஸ்வாலோடெயிலுக்குப் போனால், ஜி ஆதாரத்தின் வெளிச்சத்திலிருந்து ஈ ஆதாரத்தின் நிழலுக்குள் மெட்டு இறங்குவது கேட்பவருக்கு உடனே தெரியும். பெரும்பாலோர் இரண்டு மெட்டுகளையும் தனித்தனியே நூறு முறை பழகிவிட்டு, அவை சந்திக்கும் இடத்தை ஒருமுறைகூடப் பழகாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தட்டு நிற்கிறது. கேஷின் கடைசி இரண்டு கட்டங்களையும் ஸ்வாலோடெயிலின் முதல் இரண்டு கட்டங்களையும் மட்டும் ஒட்டி, நான்கு கட்டத் துண்டாக, காலின் தட்டு ஒருமுறையும் தவறாமல் வரும்வரை தனியே வாசித்துப் பழகுங்கள்.